ஒரு நாள் பிந்தி வந்த வாசம்

ஹாலிஎல, மேல்பிரிவு
மாசி மாதம், ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் ஜெயரூபனுக்கு அம்மா எழுதுவது. மாரியம்மன் புண்ணியத்தில் இங்கே நாங்கள் மூன்று பேரும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்கு ஒரு சண்டை போட்டு, சுகமாக இருக்கிறோம். அதேபோல நீயும் அந்த வெயிலில் உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் நல்லபடியாக இருப்பாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் பேசினால் உன் அப்பா பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, நான் சொல்வதை நடுவில் நடுவில் திருத்துகிறார். இந்தக் கதையை அவர் திருத்தாமல் நீ கேட்க வேண்டும். அவர் கோயில் கமிட்டிக் கூட்டத்துக்குப் போன நேரம் பார்த்து எழுதுகிறேன். றஷீதா அக்காவின் மகன் பவாஸ் லீவு முடிந்து இந்த வாரம் டோஹாவுக்குத் திரும்புகிறான், மிளகாய்த்தூளும் கருவாடும் அவன் பையில்தான் வருகின்றன, கருவாட்டு வாடை கடிதத்தில் ஏறியிருந்தால் அதை என் குற்றமாக நினைக்காதே.

மழை விட்டு இப்போது காலையில் நல்ல குளிர். கொழுந்து குறைவு, வேலைக்குப் பெரட்டுக் களத்தில் பேர் கொடுக்கப் போகும்போதே கை விறைக்கிறது. புது வீட்டுக்கு வந்த பிறகு பின்பக்கம் உன் அப்பா நட்ட கதலி வாழை முதல் தார் தள்ளியது உனக்குத் தெரியும், படம் அனுப்பினாள் தங்கச்சி. புது மண்ணில் வந்த முதல் தார் சாமிக்கு என்று அன்றைக்கே அதில் மஞ்சள் துணி கட்டிவிட்டார். ஒரு காயைக்கூட யாரும் தொடக்கூடாது, அணில் வந்தால்கூட அவர் எழுந்து ஓடுவார். நீ போன வாரம் வெள்ளரிக்காய் வாங்கி வைத்தால் ஐஸ்பெட்டிக்குள்ளேயே மஞ்சளாகிப் போகிறது என்று சொன்னாயே, அதற்கும் பிறகு வருகிறேன், அதுவும் இந்தக் கதையில் சேர்ந்ததுதான்.

தங்கச்சி ஜெயந்தினியின் பரிசம் கொஞ்சம் தள்ளிப் போயிருக்கிறது என்று மட்டும்தான் உன்னிடம் போனில் சொன்னோம். அது பாதி உண்மை. தை மாதம் அவர்கள் வந்தார்கள், தட்டெல்லாம் இறக்கினார்கள், தட்டு மாற்றாமலே எழுந்து போனார்கள். உன்னைத் தூர தேசத்தில் வைத்துக்கொண்டு வயிற்றில் புளியைக் கரைக்க வேண்டாம் என்று நான்தான் மறைத்தேன். மாப்பிள்ளைப் பையன் இந்திரஜித் எப்படிப்பட்டவன் என்று உனக்குத் தெரியும், ஜெயந்தினி படிப்பிக்கும் பள்ளிக்கூடத்து விளையாட்டுப் போட்டிக்குப் பழம் கொண்டுவந்து இறக்கியதில் பழக்கமானவன், பெண் கேட்டு முறையாக அம்மாவை அனுப்பியவன். பதுளை பஜாரில் பழக்கடை வைத்திருக்கிற தங்கராஜாவின் ஒரே மகன். கடைக்காரக் குடும்பம் தோட்டத்தில் வந்து பெண் எடுப்பது நம் பக்கம் அடிக்கடி நடக்கிறதா சொல். அதனாலேயே எனக்கு உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது, சின்னதாக ஒரு பேச்சு தடம் புரண்டாலும் போச்சே என்று. நான் பயந்தது அவர்கள் வாயை. வில்லங்கம் வந்தது உன் அப்பா மூக்கிலிருந்து.

உன் அப்பாவின் மூக்கைப் பற்றி உனக்குச் சொல்லத் தேவையில்லை. ஃபெக்டரி மேல்மாடியில் கொழுந்து வாட்டுகிற வேலையில் சேர்ந்த நாளிலிருந்து ரிட்டயர் ஆகும் வரைக்கும் அந்த மூக்கில்தான் நாம் சாப்பிட்டோம். ஒரு பிடி கொழுந்தை அள்ளி முகர்ந்து, இன்னும் பச்சை வாடை போகல்லீங்க என்று அவர் சொன்னால் டீமேக்கர் மறுபேச்சில்லாமல் காற்றாடியை ஓடவிடுவார். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. அரிசி வாங்கினால் முகர்வார், சவர்க்காரம் வாங்கினால் முகர்வார், நீ பிறந்தபோது உன்னையும் ஆஸ்பத்திரியிலேயே முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் கையில் வாங்கினார். பரிசத்துக்கு முந்தின வாரம் பேப்பரில், எங்கோ காபைட் கல் வைத்துப் பழுக்கப் போட்ட பழங்களைச் சுகாதாரப் பரிசோதகர்கள், அந்தப் பீ.எச்.ஐமார், பிடித்து அழித்தார்கள் என்று வந்திருந்தது. அதைச் சத்தமாக எங்களுக்கு வாசித்துக் காட்டினார். அப்போதே எனக்குப் புத்தி வந்து அந்தப் பேப்பரை அடுப்பில் போட்டிருக்க வேண்டும்.

பரிசத்தன்று சபை நிறைந்திருந்தது. அவர்கள் கொண்டுவந்த தட்டுகளில் சேலை, பூ, தேங்காய், வெற்றிலை, அதோடு கோழிக்கூட்டு வாழைப்பழம் மட்டும் தனியாக மூன்று தட்டு. ஒரு புள்ளி கருப்பில்லாமல், எல்லாம் ஒரே மஞ்சள், பார்க்கக் கண்ணுக்கு நிறைவாக இருந்தது. நம் வழக்கப்படி தங்கராஜா எழுந்து கைகூப்பி, தட்டு நெறஞ்சிருக்குங்களா என்று கேட்டார். மூன்று தரம் கேட்பார்கள், பெண்ணைப் பெற்றவர் மூன்று தரமும் நெறஞ்சிருக்கு என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான் உன் அப்பாவுக்கு அன்றைக்கு இருந்த வேலை. இந்த மனுஷன் என்ன செய்தார் தெரியுமா. குனிந்து ஒரு சீப்பைத் தூக்கி மூக்கருகே கொண்டுபோனார். ஒரு தரம் முகர்ந்தார், திருப்பி இன்னொரு தரம் முகர்ந்தார். நான் அடுக்களை வாசலிலிருந்து கண்ணைக் காட்டுகிறேன், அவர் பார்த்தால்தானே. மஞ்சளா இருக்கு, ஆனா ஒரு வாசமும் காணமே, இது காபைட்டு போட்ட பழமாங்க, இத எப்படிச் சாமிக்கு வைக்கிறது என்று கேட்டுவிட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, கொழுந்தைப் பற்றி டீமேக்கரிடம் கேட்கிற அதே குரலில்தான் கேட்டார். ஆனால் சபையில் எல்லோரும் தங்கராஜாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பெரியாயி, கடையில நின்னுபோன சரக்கத் தள்ளிவிட்டாங்க போலருக்கு என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி முணுமுணுத்தாள்.

தங்கராஜா சத்தம் போடவில்லை. போட்டிருந்தால்கூட நான் சமாளித்திருப்பேன். எங்க கடையில அந்தக் கல்ல வாசப்படி தாண்ட விட்டதில்லீங்க என்றார். எறக்குன தட்டத் திருப்பித் தூக்குற பழக்கமும் எங்களுக்கு இல்ல, நீங்க யோசிச்சு ஒரு முடிவு சொல்லியனுப்புங்க என்று சொல்லிவிட்டு எழுந்தார். அவர் எழுந்ததும் எல்லோரும் எழுந்தார்கள். ஒருவரும் கை நனைக்கவில்லை. வடையும் பாயசமும் சமைத்த பாத்திரங்களோடு அப்படியே இருந்தன. இந்திரஜித் கடைசியாகப் போனான், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டே கொஞ்ச நேரம் வாசலில் நின்றான், உன் தங்கச்சி தலை நிமிரவில்லை. அன்று முழுக்க அவள் அழவில்லை ராசா, எனக்கு அதுதான் தாங்கவில்லை. இருட்டின பிறகு என்னிடம் மட்டும் சொன்னாள், அப்பா மூக்குல பொழைச்ச குடும்பந்தாம்மா நம்மது, ஆனா அது கொழுந்து, இது பழம் என்று. உன் அப்பா உண்மையைக் கேட்டதில் என்ன தப்பு என்று கொஞ்ச நேரம் விறைப்பாக இருந்தார், பிறகு சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

மறுநாள் விடிய எழுந்து அடுக்களைக்குப் போகிறேன், வீடு முழுக்க வாசம். கோழிக்கூட்டுப் பழம் கனிந்தால் எப்படி மணக்கும், தேனும் பூவும் கலந்த மாதிரி, அப்படி. மூடிவைத்த மூன்று தட்டிலிருந்தும் வந்தது. வாசலில் தேத்தண்ணீரோடு உட்கார்ந்திருந்த உன் அப்பாவுக்கு அது எட்டாமலா இருக்கும், நமக்கெல்லாம் எட்டுவதற்கு முன்னாலேயே எட்டியிருக்கும். என் பக்கம் திரும்பாமல் கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது ஜெயந்தினி பள்ளிக்கூடத்துக்கு உடுத்திக்கொண்டு வந்தாள். தட்டைத் திறந்தாள், ஒரு பழத்தைப் பிய்த்தாள், அவர் கண்ணெதிரே நின்றே உரித்துத் தின்றாள், இன்னும் இரண்டை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, நேரமாச்சு, போயிட்டு வர்றேன்பா என்று நடந்துவிட்டாள். மாற்றாத தட்டிலிருந்து பெண் பழம் எடுத்துச் சாப்பிட்டால் என்ன அர்த்தம் என்று தோட்டத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவளுக்கு அந்த வீடுதான் வேண்டும் என்று அர்த்தம். உன் அப்பா தேத்தண்ணீரைக் கீழே வைத்துவிட்டார், அது ஆறிப்போனது.

இதற்கு மேல் வீட்டில் உட்கார்ந்திருக்க எனக்கு மனமில்லை. கண் கிளினிக்குக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் பதுளைக்குப் பஸ் ஏறினேன். கிளினிக் முடிந்து நேரே அவர்கள் கடைக்குப் போனேன். தங்கராஜா சரக்கு எடுக்க வெளியே போயிருந்தார், நல்லவேளை. அவர் பெண்சாதி நிரஞ்சலாதான் இருந்தாள். சிரிக்கவில்லை, ஆனால் உட்காரச் சொல்லித் தேத்தண்ணீர் கொடுத்தாள். கொழுந்து கிள்ளுகிறவளுக்குக் கடைத் தேத்தண்ணீர் எப்படி இருக்கும், ஆனாலும் ஒரு சொட்டு வைக்காமல் குடித்தேன். எங்க வீட்டுக்காரர் பேசினது தப்புதான், ஆனா அந்தப் பழம் எப்படிப் பழுத்ததுன்னு எனக்குத் தெரியணும், தெரிஞ்சாத்தான் அவர்கிட்ட நான் பேச முடியும் என்று சொன்னேன். வாங்க காட்டுறேன் என்று கடைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனாள்.

அது ஒரு அறை. கனத்த கதவு, சாத்தினால் காற்று போகாது. உள்ளே கூடை கூடையாகப் பழம், ஒரு பக்கம் பச்சை, ஒரு பக்கம் மஞ்சள் ஏறி வருகிறது. ரொம்பக் குளிருமில்லை, சூடுமில்லை. மூலையில் ஒரு சின்ன மிஷின், அதற்குள் ஏதோ ஊற்றினால் காஸ் வருமாம், அதன் பெயர் எத்திலீன். காஸ் என்றாலே நமக்குச் சிலிண்டர்தானே, நான் ஓர் அடி பின்னால் போனேன். அவள் அப்போதுதான் சிரித்தாள். இது மருந்தில்லீங்க, பழமே விடுற மூச்சுதான் இது என்றாள். ஒவ்வொரு பழமும் கனியும்போது இந்தக் காஸைத் தானாகவே விடுமாம், அது பட்டுப் பக்கத்துக் காயும் பழுக்குமாம், இங்கே அதையே கொஞ்சம் கூடுதலாக விட்டு, ஒரு நாள் சாத்தி வைத்து, பிறகு கதவைத் திறந்து காற்றோட விடுகிறார்கள், அவ்வளவுதான் வேலை. காபைட் கல்லில் வருவது வேற காஸாம், வெல்டிங் கடையில் நெருப்புப் பிடிக்கிறார்களே அது, அந்தக் கல்லில் நஞ்சும் கலந்திருக்குமாம். கடை முன்னால் சாமி படத்துக்கு விளக்கு எரிகிறது, இந்த அறைப் பக்கம் மட்டும் ஒரு ஊதுபத்திகூடக் கிடையாது, எத்திலீனும் கூடிப்போனால் நெருப்புப் பிடிக்கும் என்று தங்கராஜாவின் கண்டிப்பான உத்தரவு.

நான் யோசித்துப் பார்த்தேன். ஆனைக்கொய்யாக் காயை அரிசி டின்னுக்குள் போட்டு, பக்கத்தில் ஒரு கனிந்த வாழைப்பழத்தை வைத்து மூடுவேனே, ஞாபகம் இருக்கிறதா, நீயும் தங்கச்சியும் தினமும் டின்னைத் திறந்து திறந்து பார்த்து அடி வாங்குவீர்கள். கோயில் திருவிழாவுக்குக் குழி வெட்டி, தார் அடுக்கி, மண் மூடிப் புகை போடுவோமே, அந்தப் புகையிலும் இந்தக் காஸ்தான் இருக்கிறதாம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் ஒரு காஸ் கம்பெனி நடத்தி வந்திருக்கிறேன், எனக்கே தெரியவில்லை. அப்போ வாசம் ஏன் வரல்லீங்க என்று கேட்டேன். அதற்கு அவள் சொன்னதுதான் என்னை உலுக்கிவிட்டது. பரிசத்தன்னிக்கு யாருங்க பழம் சாப்பிடுறா, மறுநாள்தானே நீங்க லயத்து வீடு வீடாப் பங்கு வைப்பீங்க, அது போய்ச் சேர்ற நேரம் கனிஞ்சு மணக்கட்டும்னு அவரு நாள் பாத்து எடுத்தாரு, ஒரு வீட்டுலயும் சம்பந்தி வீட்டுப் பழம் அழுகலா இருந்துச்சுன்னு பேச்சு வரக்கூடாதுன்னு பாத்தாரு என்றாள். முன்பு ஒரு தரம் பஜாரில் யாரோ ஒருவன் கடை வாசலில் நின்று, நஞ்சு விற்கிறவன் என்று தங்கராஜாவைக் கத்தியிருக்கிறான், அந்தப் பழியைத் தாங்காமல்தான் அந்த அறையையே கட்டினாராம். நம் வீட்டில் வந்து, மகனுக்குப் பெண் கேட்கிற இடத்தில், அதே சொல்லைக் கேட்டிருக்கிறார். எனக்கு அந்த அறையிலேயே அழுகை வந்துவிட்டது. நிரஞ்சலா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் ஒன்று விடாமல் சொன்னேன். கோபப்படாமல் சொன்னேன், அதுவே அவருக்குப் பெரிய தண்டனையாக இருந்திருக்கும். கேட்டுக்கொண்டிருந்தவர் எழுந்து பின்பக்கம் போய் வாழையடியில் நின்றார். மன்னிப்புக் கேட்பது அவருக்கு எப்படி என்று உனக்குத் தெரியுமே, நாக்கில் வராது. அடுத்து வந்த திங்கட்கிழமை காலையில் பார்த்தால் தாரை வெட்டி, மஞ்சள் துணியோடு தோளில் வைத்துக்கொண்டு கிளம்பி நிற்கிறார். கோயிலுக்கா, இன்னும் பழுக்கல்லியே என்று கேட்டேன். வா என்று மட்டும் சொன்னார். பஸ்ஸில் கண்டக்டர் பின்னால் போடச் சொன்னான், இவர் கேட்கவில்லை, பிள்ளையைப் போல மடியிலேயே வைத்துக்கொண்டு பதுளை வரை வந்தார்.

தங்கராஜா கடையில் இருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்தார். உன் அப்பா தாரை அவர் மேசைமேல் இறக்கினார். சாமிக்கு நேந்த மொதத் தாருங்க, உங்க அறையிலயே பழுக்கட்டும், வெள்ளிக்கிழமை பூசைக்கு வேணும், நீங்களும் குடும்பத்தோட வந்து பக்கத்துல நிக்கணும் என்றார். இத எப்படிச் சாமிக்கு வைக்கிறது என்று கேட்ட அதே வாய்தான். தங்கராஜா தாரைத் திருப்பிப் பார்த்தார், காயின் பட்டையை விரலால் தடவிப் பார்த்தார், நல்லா முத்தியிருக்கு என்று தனக்குத்தானே சொன்னார். மஞ்சள் துணியை அவிழ்த்து மடித்துச் சாமி படத்தடியில் வைத்தார். பிறகு முகத்தை வேறுபக்கம் வைத்துக்கொண்டு, வாசம் அன்னிக்கே வரணுமாங்க, மறுநாள் வரணுமாங்க என்று கேட்டார். உன் அப்பா, அன்னைக்கே வந்துரட்டுங்க, மறுநாள் வரைக்கும் எனக்குப் பொறுமை கெடையாதுன்னு தோட்டம் முழுக்கத் தெரியும் என்றார். கடையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள், நிரஞ்சலா உள்ளே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள், இந்திரஜித் தாரைத் தூக்கிக்கொண்டு அந்த அறைக்குள் போனான்.

வெள்ளிக்கிழமை அவர்கள் வந்தார்கள். தார் அப்படியே பொன்னாக இருந்தது, கோயில் படி ஏறும்போதே மணந்தது. பரிசத்தன்று சபையில் இருந்தவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள், பெரியாயி முன்வரிசையில். பூசாரி கற்பூரம் ஏற்றப் போகிற நேரம், உன் அப்பா ஒரு நிமிஷம் என்று கையைக் காட்டிவிட்டுத் தங்கராஜாவின் பக்கம் திரும்பினார். யாரும் அவரைக் கேட்கவில்லை, அவராகவே சொன்னார், தட்டு நெறஞ்சிருக்குங்க. இரண்டாந்தரமும் சொன்னார். மூன்றாந்தரம் சொல்லும்போது தங்கராஜா அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். அங்கேயே அம்மன் முன்னால் நானும் நிரஞ்சலாவும் தட்டு மாற்றினோம். அன்றைக்குத்தான் உன் தங்கச்சி அழுதாள். இவ்வளவு நாளும் அடக்கியதையெல்லாம் சேர்த்து அழுதாள், நான் தடுக்கவில்லை.

கல்யாணம் வைகாசியில் வைப்பது என்று பேசியிருக்கிறோம், தேதி உன்னால்தான் நிற்கிறது. மணவறையில் தங்கச்சி கையில் பொரி போடுவது கூடப்பிறந்தவன் வேலை, சித்தப்பா மகனை நிறுத்தலாம் என்று யாரோ சொன்னதற்கு அவள், அண்ணன் வராம நான் மணவறை ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். இப்போதே லீவுக்கு எழுதிப் போடு. இனி உன் வெள்ளரிக்காய் விஷயம், நீ ஐஸ்பெட்டியில் ஆப்பிள் பையையும் அதன் பக்கத்திலேயே வைக்கிறாய் அல்லவா, ஆப்பிள் விடுகிற மூச்சில்தான் அது மஞ்சளாகிறது என்று நிரஞ்சலா சொன்னாள், ஆப்பிளைத் தனியாக வை. வேலை முடிந்து வந்து வெறும் வயிற்றில் படுக்காதே. வேலையிடத்தில் வெயிலில் ஏசிப் பெட்டிகளை மாடிக்கு ஏற்றும்போது தலைக்குத் துணி கட்டு. அப்பா இப்போதும் எல்லாவற்றையும் முகர்ந்துதான் பார்க்கிறார், ஆனால் முகர்ந்த பிறகு வாயைத் திறக்கும் முன் என்னைத் திரும்பிப் பார்க்கிறார். வாழையடியில் பக்கக்கன்று ஒன்று குலை தள்ளி வருகிறது, அதை உனக்கென்று வைத்திருக்கிறார், நீ கேட்டால் இல்லை என்பார்.

மாரியம்மன் உன்னை நிழல் போலக் காக்கட்டும். போன இடத்தில் நல்ல பேரோடும் நல்ல உடம்போடும் இருந்து, சிரித்த முகத்தோடு வந்து சேர் என் ராசா. மறக்காமல் ஒன்று மட்டும் செய், நீ வரும் நாளைச் சரியாகச் சொல்லியனுப்பு. நாள் தெரிந்தால்தான் உன் தாரை எப்போது வெட்டி அறையில் வைப்பது என்று கணக்குப் பார்க்க முடியுமாம், இரண்டு சம்பந்திகளும் தினமும் போனில் இதைத்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

உன் வரவைப் பார்த்திருக்கும் அம்மா,
வீ. பூவம்மா